ஆபரேஷன் மேஜையும் நர்ஸின் வாயும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குச் சற்று ஆச்சரியமாகத் தோன்றலாம். ஆபரேஷன் அறைக்குள் வேலை செய்யும் நர்ஸுகள் அங்கே நேரும் தவறுகளைப்பற்றி என்ன எண்ணுகிறார்கள், தவறைக் கண்டால் என்ன செய்கிறார்கள், என்ன செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்பதே அது. "இது டாக்டர்கள் சங்கத்தில் பேசவேண்டிய பேச்சல்லவா, நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். மயக்க மருந்து கொடுத்து அந்த மேஜைமேல் கிடத்தப்படுகிறவர்கள் யார்? நாமும் நம் பெண்டு பிள்ளைகளும்தானே! அப்படிக் கிடப்பவனுக்கு அந்த நேரத்தில் பேச வாயில்லை, பார்க்கக் கண்ணில்லை. அவனுக்காகப் பேசக்கூடிய வாய் பக்கத்தில் நிற்கிற நர்ஸின் வாய்தான். அந்த வாய் சில சமயம் ஏன் மூடிக்கொள்ளுகிறது என்று விசாரிப்பது நம் வேலை அல்லவென்றால், வேறு யாருடைய வேலை?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் டாக்டர்களை வையவோ, நர்ஸுகள்மேல் குற்றஞ்சாட்டவோ இங்கு வரவில்லை. வைவது சுலபம். அதற்கு அறிவு வேண்டியதில்லை. தொண்டை இருந்தால் போதும். நமக்கு வேண்டியது காரணம். ஒரு காரியம் நடந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அது தெரிந்தால் அடுத்த தடவை அதைத் தடுக்கலாம். இந்த எண்ணத்தோடு மாத்திரமே நாம் இவ்விஷயத்தைத் தொடுகிறோம்.

தவறு எவ்வளவு?

"படித்த டாக்டர்களும், பயிற்சி பெற்ற நர்ஸுகளும் தவறு செய்வார்களா?" என்று கேட்கிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். 1999ஆம் வருஷத்தில் அமெரிக்க நாட்டு வைத்தியக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'தவறுவது மனித இயல்பு' என்பது அதன் பெயரின் பொருள். அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் தடுத்திருக்கக்கூடிய தவறுகளால் வருஷமொன்றுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை சாகிறார்கள் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். கணக்குப் போட்ட முறையைப்பற்றிச் சிலர் வாதாடினார்கள் என்பதும் வாஸ்தவந்தான். ஆனால் அந்த அறிக்கையின் முக்கியமான முடிவு எண்ணிக்கையில் இல்லை. இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை கெட்ட ஆட்களால் நேர்ந்தவை அல்ல, நல்ல ஆட்கள் கெட்ட ஏற்பாடுகளில் அகப்பட்டுக்கொண்டதால் நேர்ந்தவை என்பதே அந்த முடிவு.

பணமும் கருவியும் படிப்பும் நிறைந்த நாட்டின் யோக்கியதையே இது என்றால், ஒரு நர்ஸ் மூன்று பேர் வேலையைத் தூக்கிச் சுமக்கிற இடங்களில் எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நர்ஸின் வேலை என்ன?

ஆபரேஷன் அறையில் நர்ஸ் என்றால் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கிறவர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. பொதுவாக அங்கே இரண்டு நர்ஸுகள் இருப்பார்கள். ஒருவர் கைகழுவி, சுத்தஞ்செய்த அங்கி போட்டுக்கொண்டு டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பார். மற்றொருவர் அறையில் நடமாடி, வேண்டியதை எடுத்துக் கொடுத்துக் குறிப்பு எழுதுவார். இவர்கள் இருவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணவேண்டும். ரத்தம் ஒற்றும் துணிகள் எத்தனை, ஊசிகள் எத்தனை, கருவிகள் எத்தனை என்று கத்தி வைக்கும் முன்பு ஒரு தடவை. உடம்பின் உட்பகுதியை மூடும் முன்பு ஒரு தடவை. தோலைத் தைக்கும்போது ஒரு தடவை. ரத்தத்தில் நனைந்த துணி குடலோடு குடலாய்க் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேதான் எக்ஸ்ரே படத்தில் தெரியும்படியான ஓர் இழையை அந்தத் துணியிலேயே வைத்து நெய்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் துணி உள்ளே தங்கிப்போகிறது. 2003ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உடம்புக்குள் பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளின் தஸ்தாவேஜிகளைப் பரிசோதித்தார்கள். எண்ணிக்கை எடுக்கப்பட்டவர்களில் 100க்கு 88 பேர் விஷயத்தில் "எண்ணிக்கை சரி" என்றே முடிவு செய்யப்பட்டிருந்தது. அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து ஒன்பது மடங்கு என்றும், ஆபரேஷன் நடுவில் திட்டம் மாறினால் நான்கு மடங்கு என்றும் கண்டார்கள். அதாவது, அவசரமும் குழப்பமும் இருக்கிற இடத்தில் "சரி" என்ற சொல் சுலபமாய் வந்துவிடுகிறது.

ஓர் அம்மையார் சொன்னது

இங்கே நமக்குத் தெரிந்த ஓர் அம்மையாரைப்பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் ஆபரேஷன் அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது நமக்கு வேண்டியதில்லை. அவர் நம்மிடம் சொன்னதாவது:

"ஐயா, அன்று ராத்திரி அது நாலாவது கேஸ். வயிற்று ஆபரேஷன். மூடுகிறபோது எண்ணினோம், ஒரு துணி குறைந்தது. சொன்னேன். பெரிய டாக்டர், 'முதலிலேயே தப்பாக எண்ணியிருப்பாய், இன்னொரு தடவை எண்ணு' என்றார். எண்ணினேன். அப்போதும் ஒன்று குறைந்தது. 'உன் கணக்குக்காக நோயாளியை இன்னும் மயக்கத்தில் வைக்கச் சொல்லுகிறாயா?' என்று சத்தம் போட்டார். பக்கத்திலிருந்த சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். நான் கூடையைக் கிளறிப் பார்த்தேன். பிறகு புஸ்தகத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த அம்மாள் வயிற்றில் சீழோடு திரும்பி வந்தாள். துணி எடுக்கப்பட்டது. பிழைக்கவில்லை."

நாம், "வீட்டார் ஒன்றும் கேட்கவில்லையா?" என்று கேட்டோம்.

"கேட்கவில்லை ஐயா. புருஷன் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, 'எங்கள் தலைவிதி, நீங்கள் என்னம்மா செய்வீர்கள்' என்று எனக்கே சமாதானம் சொன்னான். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கு ரொம்பவும் சௌகரியமாக இருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போனபிறகு சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை."

தோழர்களே! இதில் தலையெழுத்து எங்கே இருக்கிறது? ஒரு துணி குறைந்தது. அது ஒருவருக்குத் தெரிந்தது. தெரிந்தவர் சொன்னார். சொன்னதைக் கேட்கவேண்டியவர் கேட்கவில்லை. பிறகு தெரிந்தவரும் பொய்க் கையெழுத்துப் போட்டார். எல்லாம் மனிதர் செய்த காரியம். மனிதர் தடுத்திருக்கக்கூடிய காரியம். 'விதி' என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடியதால் யாருக்கு லாபம்? அந்த டாக்டருக்கு லாபம். அந்த ஆஸ்பத்திரிக்கு லாபம். அடுத்த ராத்திரி அதே மேஜையில் படுக்கப்போகிறவனுக்கு நஷ்டம்.

கீழ்ப்படிதல் என்னும் பாடம்

அந்த அம்மையார் கெட்டவர் அல்ல. கோழை என்றும் சொல்லமாட்டோம். அவருக்குச் சிறு வயது முதல் என்ன பாடம் கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதையே பார்க்கவேண்டும். 1893ஆம் வருஷத்தில் அமெரிக்காவில், நைட்டிங்கேல் அம்மையார் பெயரால், நர்ஸுகளுக்கென்று ஒரு பிரதிக்ஞை எழுதப்பட்டது. டாக்டரின் வேலைக்கு விசுவாசத்தோடு துணை நிற்பேன் என்பது அதில் ஒரு வாக்கு. நோயாளிக்கு விசுவாசம் என்பதும் டாக்டருக்கு விசுவாசம் என்பதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று அதை எழுதியவர்கள் நம்பியிருக்கலாம். இரண்டும் பிரிகிற அந்த ஒரு நிமிஷத்தில் நர்ஸ் எந்தப் பக்கம் நிற்பது? இதுதான் கேள்வி.

இதைப்பற்றி 1966ஆம் வருஷத்தில் வெளிவந்த ஒரு சோதனை உண்டு. அது ஆபரேஷன் அறையில் நடந்ததல்ல, வார்டில் நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் "நான் டாக்டர் பேசுகிறேன்" என்று நர்ஸுக்கு டெலிபோன் செய்து, இன்ன நோயாளிக்கு இன்ன மருந்தில் 20 மில்லிகிராம் கொடு என்பார். அந்த மருந்துப் பெட்டியின் மேலேயே 10 மில்லிகிராமுக்குமேல் கொடுக்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். டெலிபோன் உத்தரவை ஏற்கக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அப்படியிருந்தும் 22 நர்ஸுகளில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். மருந்து வெறும் போலி; நோயாளியிடம் போகும் முன்பே தடுத்துவிட்டார்கள். ஆனால் வேறு 12 நர்ஸுகளிடம் இதையே ஒரு கதையாகச் சொல்லி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டபோது 10 பேர் "கொடுக்கமாட்டோம்" என்றார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், கேட்டால் சொல்லுகிற அபிப்பிராயம் ஒன்று, அதிகாரக் குரல் காதில் விழுந்தவுடன் கை செய்கிற காரியம் வேறு என்பதே. நர்ஸுகளைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். தாசில்தார் முன்பும் மிராசுதார் முன்பும் நம் கை என்ன செய்தது என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

இங்கிலாந்தில் நடந்தது

2005ஆம் வருஷம் மார்ச் மாதம் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண்மணி மூக்கில் ஒரு சாதாரண ஆபரேஷனுக்காகப் படுத்தார். அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள மூன்று பெரிய டாக்டர்கள் சூழ்ந்துகொண்டு வாய்வழியே குழாய் செலுத்த முயன்றுகொண்டே இருந்தார்கள். முயற்சியில் மூழ்கினவர்களுக்கு நேரம் போவது தெரியவில்லை. வெளியில் நின்று பார்த்த நர்ஸுகளுக்குத் தெரிந்தது. ஒரு நர்ஸ் தொண்டையில் துளையிட்டு மூச்சுவிடச் செய்யும் கருவிகளைக் கொண்டுவந்து, இருக்கின்றன என்று சொன்னார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். டாக்டர்களின் முகத்தைப் பார்த்து, நாம்தான் அதிகப்படியாய்ப் போய்விட்டோம்போலும் என்று எண்ணி, அந்தப் படுக்கையை வேண்டாமென்றும் சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து அந்தப் பெண்மணி இறந்துபோனார்.

செய்யவேண்டியது இன்னதென்று அந்த அறையில் இருந்த நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. அதை மேலே உள்ளவர் காதில் ஏறும்படி சொல்லும் வழிதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. அவர் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பக் கிளம்பவில்லை. விசாரியுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். 2007ல் அதற்கென்றே ஒரு சங்கமும் ஏற்படுத்தினார். விமானிகளுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். 1977ஆம் வருஷம் டெனரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் தரையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். எதிர் விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று இஞ்சினீயர் கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. அதன்பிறகு விமானக்காரர்கள், கீழே உள்ளவன் பேசவும் மேலே உள்ளவன் கேட்கவும் தனிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2000ஆம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மேலுள்ளவர் முடிவைக் கீழுள்ளவர் கேள்வி கேட்கக்கூடாது என்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள் விமானிகளில் பெரும்பாலோர். பெரிய ரண சிகிச்சை டாக்டர்களில் 100க்கு 55 பேர்தான்.

தண்டித்தால் தீருமா?

"தவறு செய்தவரைத் தண்டித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?" என்பார்கள். நர்ஸுகளிடம் தவறைப்பற்றிக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்லும் சொல் பயம். மெமோ வரும், வேலை போகும், கூட வேலை செய்கிறவர்கள் விரலால் சுட்டுவார்கள், டாக்டர் தப்பித்துக்கொள்வார், நான் மாட்டிக்கொள்வேன் என்கிறார்கள். "கெடுதல் ஒன்றும் நேரவில்லையே, மயிரிழையில் தப்பிவிட்டதே, அதை ஏன் எழுதவேண்டும்?" என்பது இன்னொரு எண்ணம். ஆனால் மயிரிழையில் தப்பியதுதான் இலவசமாகக் கிடைக்கிற பாடம். அதை மறைத்தால் அடுத்த பாடத்துக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்கவேண்டி வரும்.

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் 2017ஆம் வருஷம் ஒரு நர்ஸ், மனதை அமைதிப்படுத்தும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டார், நோயாளி இறந்துபோனார். அந்த நர்ஸ் பல எச்சரிக்கைகளைக் கவனியாமல் தாண்டிப்போனது வாஸ்தவம். ஆனால் செய்தது தவறு என்று தெரிந்தவுடன் தாமே ஒப்புக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியோ இந்தத் தவறைச் சர்க்காருக்குத் தெரிவிக்கவில்லை. 2022ல் கோர்ட்டு நர்ஸைக் குற்றவாளி என்று தீர்மானித்து, மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. சொன்னவர் குற்றவாளி, சொல்லாதவர் பெரிய மனிதர் என்றால் அடுத்த நர்ஸ் எதைக் கற்றுக்கொள்வார்? இதைத்தான் அந்நாட்டு நர்ஸுகள் சங்கமும் கேட்டது.

வேண்டுமென்றே தீங்கு செய்தவனையும், குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனையும், பொய் எழுதினவனையும் விட்டுவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கைதவறியவனையும் கள்ளனையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம். உண்மை சொன்னால் அடி, மறைத்தால் நிம்மதி என்கிற வீட்டில் பிள்ளை பொய்தான் கற்கும். ஆஸ்பத்திரியும் அப்படித்தான்.

காகிதமும் சடங்காகும்

இதற்குப் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். 2008ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆபரேஷனுக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையைவிட்டுப் போகும் முன் என்று மூன்று தடவை நின்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஆள் இவர்தானா, ஆபரேஷன் இதுதானா, இடம் வலமா இடமா, துணி எண்ணிக்கை சரியா என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லவேண்டும். அதற்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும். பெயர் சொல்லி ஒரு தடவை வாய் திறந்தவர் மறுபடி திறக்க அவ்வளவு கூச்சப்படமாட்டார் என்பதே அதன் சூட்சுமம். டில்லி, லண்டன், மணிலா முதலிய எட்டு நகரங்களில் இதை வைத்துப் பார்த்ததில் மரணம் 100க்கு 1.5லிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11லிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009ல் வெளியிட்டார்கள்.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் இதே பட்டியல் உத்தரவு போட்டுப் புகுத்தப்பட்டது. 2014ல் கணக்குப் பார்த்தபோது, தற்செயலாய் நேரக்கூடியதற்கு மேற்பட்ட பலன் எதுவும் தெரியவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் நமக்குச் சரியென்று படுவது இது: கட்டத்தில் கோடு கிழிப்பது வேறு, நின்று பேசுவது வேறு. பொருள் தெரியாமல் மந்திரம் முணுமுணுப்பதைக் கண்டிக்கிற நாம், படிக்காமல் கையெழுத்துப் போடுகிற காகிதத்தையும் கண்டிக்கவேண்டாமா? காகிதத்துக்கு மந்திர சக்தி இல்லை. அதுவும் ஒரு சடங்காகிவிடும்.

பலன் தந்த இடத்தில் காகிதத்தோடு வேறொன்றும் இருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய ரத்தக் குழாயில் குழாய் ஏற்றும்போது டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால், "நிறுத்துங்கள்" என்று சொல்ல நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நிர்வாகம் அவருக்குப் பின்னால் நின்றது. ரத்தத்தில் விஷத்தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது என்று 2006ல் வெளியாயிற்று. கைகழுவு என்பதை டாக்டர்கள் அதற்குமுன் கேள்விப்படாதவர்களா? இல்லை. புதிதாக வந்தது நர்ஸின் வாய்க்குக் கிடைத்த உரிமைதான்.

நாம் செய்யவேண்டியது

நிற்க, இதில் உங்களுக்கும் நமக்கும் என்ன வேலை என்று கேட்பீர்கள்.

ஒன்று: நர்ஸ் வந்து உங்கள் பெயரென்ன, எந்தக் கால், எந்தக் கண் என்று மூன்றாவது தடவை கேட்டால் எரிந்து விழாதீர்கள். அவர் ஞாபகமறதியால் கேட்கவில்லை. உங்கள் உயிருக்காகக் கேட்கிறார். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று உடம்பில் குறி போட்டிருக்கிறதா என்று நீங்களும் கேளுங்கள்.

இரண்டு: ஏதேனும் தவறிப்போனால் விதி என்று சொல்லி எழுந்துவராதீர்கள். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கவும், நர்ஸை அடிக்கவும் போகாதீர்கள். விதி என்பவனும் உடைப்பவனும் காரணத்தைத் தேடாத இரண்டு பேர்தான். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காதிருக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்று: நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பெண்கள் உங்கள் வீடுகளிலிருந்தே போகிறார்கள். "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, பொட்டைப் பிள்ளைக்கு வாய் எதற்கு" என்று பதினெட்டு வருஷம் சொல்லி வளர்த்து அனுப்பிவிட்டு, அந்தப் பெண் ஆபரேஷன் அறையில் பெரிய டாக்டரை நிறுத்திக் கேட்கவேண்டும் என்று எதிர்பார்த்தால் நியாயமா? அந்த வாயை வீட்டிலேயே திறக்க விடுங்கள்.

அந்த அம்மையாரிடம் விடைபெறும்போது, "இன்று அதே நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "புஸ்தகத்தில் 'ஒன்று குறைகிறது' என்று எழுதுவேன் ஐயா. அவர் என்ன கத்தினாலும் 'சரி' என்று எழுதமாட்டேன்" என்றார்.

தோழர்களே! அந்த இரண்டு எழுத்துப் பொய்யை எழுதாமலிருக்கும் துணிவு ஒவ்வொரு நர்ஸுக்கும் வரவேண்டும். அப்படி எழுதாதவரின் வேலை போகாமலிருக்கும் ஏற்பாடு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வரவேண்டும். இரண்டில் ஒன்று மாத்திரம் வந்து பிரயோஜனமில்லை. நாம் சொன்னவற்றை நம்பவேண்டும் என்பதற்காக நம்பாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொண்டு, இல்லையென்றால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.